நாற்பத்து மூன்று பரவாயில்லை

பெஞ்சுக்கு நாலு காலில் ஒரு கால் குட்டை. செல்லக்கனி இடுப்பை இந்தப் பக்கம் சாய்த்தால் அது டக்கென்று தரையில் உட்காரும், அந்தப் பக்கம் சாய்த்தால் எழுந்து நிற்கும். பத்து மணியிலிருந்து அவள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், டக், டக், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷகிலா பானு "ஏய், என்ன தொட்டிலா ஆட்டுற?" என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டிய பிறகும் அது நிற்கவில்லை. எத்தனையோ சொல் இருக்க இவள் ஏன் தொட்டில் என்ற சொல்லை எடுத்தாள். மேலாண்மைத் துறையின் முதல் மாடி வராந்தா, எதிரே சாத்திய கதவு, கதவில் எம்.பி.ஏ. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வு என்று ஒட்டிய தாள், தாளின் ஒரு மூலை பசை விட்டு ஃபேன் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவளுடைய வழிகாட்டி ரோஸ்லின் மேடம், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் தேர்வாளர், அப்புறம் சிவநேசன் சார். கம்பெனிக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பது துறையின் வழக்கம், இந்த வருசம் அது சிவநேசன் சார், அவள் புராஜெக்ட் செய்த நூல் மில்லின் பெர்சனல் மேனேஜர். எத்தனையோ கம்பெனி இருக்க. அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மடியில் கருநீல ரெக்சின் அட்டை போட்ட புராஜெக்ட் ரிப்போர்ட், அட்டையில் பொன்னெழுத்தில் அவள் பெயர், உள்ளே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவளுடைய கட்டைவிரல். விரலை எடுத்தால் பக்கம் மூடிவிடும், மூடிவிட்டால் நல்லதுதானே, அறுபத்தெட்டுப் பக்கத்தில் ஒரு பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். ஆனால் விரல் வரவில்லை. வியர்த்து ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருந்தது.

மணி பதினொன்று ஆகப் போகிறது என்பதை அவள் கடிகாரம் பார்க்காமலே சொல்வாள். போன ஜூனில் இந்த வருசம் ஆரம்பித்தபோது மகள் கனிஷ்காவுக்குப் பதினாலு மாசம், காலையில் ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பால் கொடுத்து மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவாள், பதினொன்று ஆனதும் அந்த மறுபக்கம் கல்லாகக் கட்டிக்கொள்ளும். மார்க்கெட்டிங் வகுப்பு நடந்துகொண்டிருக்கும், வாடிக்கையாளரின் தேவை வேறு, விருப்பம் வேறு என்று போர்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், இவள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜாக்கெட் நனைகிறதா என்று குனிந்து பார்ப்பாள். ஒரு நாள் ரோஸ்லின் மேடம் வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்கள், "சின்னக் குழந்தைய விட்டுட்டு இவ்வளவு தூரம் வர்றியே, கஷ்டமா இல்லையாம்மா?" ஃபைலின் அட்டை ஈரமாகிக்கொண்டிருந்தது. "பரவாயில்ல மேடம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்குச் சிரிப்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அப்புறம் தீபாவளி லீவில் வேப்பிலையை அரைத்துத் தடவி பாலை மறக்கடித்தாள். பிள்ளை வாயை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, கடைக்காரன் எடை குறைத்துப் போட்டதைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. பால் வற்றி ஆறு மாசம் ஆகிவிட்டது. உடம்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போல, இன்றைக்கும் பதினொன்றுக்கு அந்த இடத்தில் ஒரு பிடிப்பு, ஒரு கூச்சம். இதெல்லாம் தெரிந்தவள் நீ. இதெல்லாம் தெரிந்தும் எப்படி அந்தக் கட்டத்தில் டிக் அடித்தாய்.

டக். வேறு எதையாவது நினை. நல்லதாக நினை, இந்தப் படிப்பில் நல்லதா இல்லை. சேர்ந்த முதல் வாரத்தில் புதிதாக வந்த ஒரு சார் "நாளைக்கு ஆளுக்கொரு கேஸ் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊரில் கேஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போய் புருசன் தவமணியிடம் கேட்டாள், அவன் வேன் டயரைத் துடைத்துக்கொண்டே "நம்ம ஓடைக்கரை வரப்புக் கேஸ் இருக்குல்ல, எங்கப்பாவும் பெரியப்பாவும் கோர்ட்டுக்குப் போனது, அதச் சொல்லு, பதினொரு வருசக் கேஸ், எவனும் அதுக்குக் கிட்ட வர முடியாது" என்றான். மறுநாள் மற்றவர்கள் எல்லாம் பெரிய பெரிய கம்பெனியின் கதையை லேப்டாப்பில் காட்டினார்கள். இவள் எழுந்து நின்று வரப்புக் கேஸைச் சொன்னாள், இரண்டு தரப்பு வக்கீலும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தது வரைக்கும். வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரித்து முடித்துவிட்டு, "இது பேச்சுவார்த்தை பற்றின நல்ல கேஸ்" என்று போர்டில் இரண்டு கட்டம் போட்டு ஒரு மணி நேரம் நடத்தினார். அன்றையிலிருந்து அவளுக்குப் பெயர் வரப்பு. பானு இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்கு அதில் வருத்தமே கிடையாது, பெருமைதான், ஊர்ப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்து இந்த வகுப்பில் நிறுத்தலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அங்கேதான் பிடித்தது சனி. அந்தப் பெருமைதான் மில் வரைக்கும் கூட வந்தது.

ஜனவரியில் மில்லுக்குப் போனபோது கேள்வித்தாள் இங்கிலீஷில் இருந்தது. ரோஸ்லின் மேடம்தான் சொன்னார்கள், "உனக்கு அவங்க பேச்சு வரும், நீ நேர்ல கேட்டு டிக் பண்ணிக்கோ, அதுதான் உன் பலம்." பலம். பெண்கள் அறுபது பேர், ஆளுக்கு இருபது கேள்வி. பதினாலாவது கேள்வி, தொழிலாளர் குழந்தைகளின் காப்பகத்தை ஸ்பின்னிங் ஷெட் பக்கத்திலிருந்து மெயின் கேட் பக்கம் மாற்றுவது குறித்து உங்கள் கருத்து. அதற்கு மூன்று கட்டம், சம்மதம், ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை உண்டு. பஞ்சுத் தூசியில் நின்றுகொண்டு ஆட்சேபணை என்று யார் பேசுவார்கள். அவள் கேட்டாள், "பிள்ளைகள வச்சிருக்கிற ரூம கேட்டுப் பக்கம் மாத்துனா உங்களுக்கு எப்படிக்கா?" ஷிஃப்ட் முடிகிற நேரம், மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, தலைவலையை அவிழ்த்து முடியை உதறிக்கொண்டே அவர்கள் சொன்னார்கள், பரவாயில்ல. பரவாயில்ல தாயி. எங்க இருந்தா என்ன, பரவாயில்ல. அவள் டிக் அடித்தாள், டிக், டிக், இரண்டாவது கட்டத்தில். ஆட்சேபணை இல்லை என்பதற்குத் தமிழில் பரவாயில்லைதானே. அகராதியில் வேண்டுமானால் அப்படி இருக்கும். அறுபதில் நாற்பத்து மூன்று. ஆட்சேபணை என்று நேராகச் சொன்னவர்கள் பதினோரு பேர், பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்ட பெரிய ஆட்கள், யாருக்கும் பயப்படாதவர்கள். கைப்பிள்ளைக்காரிகள் பத்தொன்பது பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேரும் பரவாயில்லை. அதை அப்போதே பார்த்திருக்க வேண்டாமா, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஆனால் அவள் பார்த்தது கம்ப்யூட்டரில் வட்டமாக வந்த படத்தை, எழுபத்திரண்டு சதவீதம் ஆட்சேபணை இல்லை, பச்சை நிறம் கொடுத்தாள், வெட்டிய தர்பூசணி மாதிரி அழகாக இருந்தது. மேடம் "குட்" என்று ஓரத்தில் எழுதினார்கள். அந்தப் பக்கம்தான் இது. கட்டைவிரல் இருக்கிற பக்கம்.

கதவு திறந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். வெளியே வந்த பையன் டையைத் தளர்த்திக்கொண்டே "ஒண்ணுமில்ல, கிராஃபத்தான் கேக்குறாரு, தமிழ்லயும் பேசுறாரு" என்று சொல்லிவிட்டு கேன்டீன் பக்கம் இறங்கிப் போனான். அட்டெண்டர் பாண்டியம்மாள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். கிராஃப். கிராஃபத்தான் கேட்கிறார். செல்லக்கனி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள், காலையில் கனிஷ்கா மூடியைக் கடித்த பல்தடம் அப்படியே இருந்தது, குடிக்காமல் மூடினாள். "பானு" என்றாள், "சொல்லிரவா?" பானு தன் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரப்பு, நேத்திலிருந்து இதோட ஒம்பது தடவ கேட்டுட்ட. ஒரு வார்த்தைக்காகப் படிச்ச படிப்பக் கெடுத்துக்காத. உள்ள போ, கேட்டதுக்குப் பதில் சொல்லு, பாஸாயிரு. அப்புறம் அதே மில்லுக்குத்தான வேலைக்குப் போற, போய் உள்ள இருந்து சரி பண்ணு." நியாயம்தான். பானு சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். ஜூன் பத்தாம் தேதி வேலையில் சேர வேண்டும், வெல்ஃபேர் ஆபீசர் டிரெய்னி, கடிதம் வீட்டில் பீரோவுக்குள் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. அவள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் ஆபீசர் என்று போட்ட முதல் ஆள். அத்தை, அவளுடைய மாமியார், தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் "எங்க கனி மில்லுக்கு ஆபீசராப் போறா" என்று சொல்லி முடித்துவிட்டாள். போய் உள்ளேயிருந்து சரி பண்ணு. எப்படி. முதல் நாள் போய் உட்கார்ந்துகொண்டு, சார், என் ரிப்போர்ட் தப்பு, அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் எனக்கு வேலை கொடுத்தீங்க, அந்த வேலையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்று சொல்வதா. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாசம் சொல்லலாம், பெர்மனென்ட் ஆனதும் சொல்லலாம். அவளுக்கு அவளைத் தெரியும்.

பதினைந்து நாளைக்கு முன்னால் ரிப்போர்ட்டில் மில் முத்திரை வாங்கப் போயிருந்தாள். அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது, சந்தோசமாகத்தான் போனாள், அத்தை சுட்ட முறுக்கு ஒரு டப்பா கூட எடுத்துப் போனாள். சிவநேசன் சார் எழுந்து நின்று வரவேற்றார், கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது, முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார், "உங்க ரிப்போர்ட் ரொம்ப உபயோகமா இருந்துச்சும்மா. மேனேஜ்மென்ட்ல மாத்தலாமா வேண்டாமான்னு ஒரே இழுபறி. எழுபத்திரண்டு பெர்சென்ட்னு எடுத்துப் போட்டேன், பேச்சே இல்ல, அடுத்த வாரமே மாத்தியாச்சு." ஸ்பின்னிங் ஷெட் பக்கம் போய்ப் பார்த்தாள். பழைய காப்பகத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கியிருந்தார்கள், ஆள் உயரத்துக்கு மேல், ஒன்றின் மேல் ஒன்று. மேலே உத்தரத்தில் தொட்டில் கட்டுகிற கொக்கிகள் மட்டும் வரிசையாக அப்படியே இருந்தன. ஒரு கொக்கியில் மஞ்சள் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை தொங்கிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்துவிட்டார்கள். அப்போதுதான் டீ மணி அடித்தது. டீ நேரம் பத்து நிமிசம். ஷெட் வாசலிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். நடை இல்லை, ஓட்டம், தலைவலையோடு, ஒரு கையால் மாரைப் பிடித்துக்கொண்டு. அன்னக்கொடி. அறுபது பேரில் முப்பத்தாறாவது ஆள், ஏழு மாசப் பிள்ளைக்காரி. இவளும் கூடவே ஓடினாள். ஓடிக்கொண்டேதான் பேச்சு. "என்னக்கா இப்படி ஓடுறீங்க?" "போக நாலு நிமிசம், வர நாலு நிமிசம். மிச்சம் ரெண்டு. ரெண்டு நிமிசத்துல அவன் வாய் வைக்கவே மாட்டான், அவனுக்கு அழுது முடிக்கவே அஞ்சு நிமிசம் வேணும்." "நான் கேட்டப்ப பரவாயில்லன்னு சொன்னீங்களேக்கா." அன்னக்கொடி ஓட்டத்திலேயே திரும்பிப் பார்த்தாள், கோபம் இல்லை, ஒரு ஆச்சரியம்தான், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "ஆமா சொன்னேன். நீ ஆபீஸ் நோட்டோட நின்ன, பின்னாடி சிவநேசன் சார் நின்னாரு. வேற என்னத்தச் சொல்ல?" கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, இவள் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாளோ என்னவோ, "சரி விடு தாயி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது நாற்பத்து நான்கு. அதை எந்தக் கட்டத்தில் போடுவது. பதினைந்து நாளாக அந்தச் சொல் அவளைத் துரத்துகிறது, எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்கிறார்கள். பஸ்ஸில் நிற்கிற பொம்பிளையிடம் "இப்படி இடிச்சு உட்காருங்க" என்றால், பரவாயில்ல. தவமணிக்கு இன்னொரு தோசை வைக்கப் போனால், பரவாயில்ல, வேண்டும் என்று அர்த்தம், கல்லிலிருந்து எடுத்துப் போட்டால் தின்பான். அத்தைக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள், டாக்டரிடம் போவோமா என்றால், பரவாயில்லம்மா, நீ படிப்ப முடி. அது அர்த்தம், நீ முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன். பிரசவத்தில் நர்ஸ் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவளே சொல்லியிருக்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு, நர்ஸும் அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள். பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லிலேயே வளர்ந்தவள். வேண்டாம், வேண்டும், வலிக்கிறது, வலிக்கவில்லை, என்னைக் கேட்காதே, என்னைக் கேள், எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். சொல்கிற முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்தாள். டக். இன்னும் ஒன்று இருக்கிறது, அதைப் பானுவிடம்கூடச் சொல்லவில்லை. புதுக் காப்பகம் இருக்கிற மெயின் கேட்டில்தான் ஆபீஸ். அவள் வேலைக்குச் சேர்ந்தால் அவள் நாற்காலிக்கும் கனிஷ்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சிவநேசன் சாரே சொன்னார், "உங்க பாப்பாவையும் கூட்டிட்டு வந்துருங்க, எட்டிப் பாத்தா தெரியும்." அதைக் கேட்டபோது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அதற்கப்புறம்தான் அன்னக்கொடி ஓடி வந்தாள், அதற்கு முன்னால் சந்தோசமாகத்தான் இருந்தது. ஜனவரியில் டிக் அடிக்கும்போது வேலைப் பேச்சே கிடையாது. கிடையாதா. இரண்டாவது நாள் சார் டீ வாங்கிக் கொடுத்து "உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்" என்றாரே, அது முப்பத்தாறாவது ஆளுக்கு முன்னாலா, பின்னாலா. பின்னால்தான். இல்லை, டீ குடித்த டம்ளரை வைத்துவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போனோம். டம்ளர் எவர்சில்வரா கண்ணாடியா. கண்ணாடி. அப்படியானால் கேன்டீன். கேன்டீன் என்றால் மூன்றாவது நாள். நினைத்து நினைத்துப் பார்த்தாலும் அந்த டம்ளர் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

மறுபடி கதவு, மறுபடி ஒரு பெயர், இந்தத் தடவை பானு. பானு எழுந்து துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, குனிந்து, "மூடு அந்தப் பக்கத்த" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெஞ்சில் அவள் எடை போனதும் குட்டைக்கால் தூக்கிக்கொண்டது. அதற்குமேல் உட்கார முடியாமல் செல்லக்கனி எழுந்து நின்றாள். வராந்தாக் கம்பிக்கு அந்தப் பக்கம் வேப்பமரம், கீழே ஸ்கூட்டர்கள், வெயிலில் சீட்டெல்லாம் பளபளக்கிறது. காலையில் கனிஷ்கா அழவில்லை. அதுதான் தொந்தரவு. போன வருசம் பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுகைச் சத்தம் கேட்கும், இப்போதெல்லாம் அத்தை இடுப்பில் இருந்துகொண்டு கையை ஆட்டுகிறாள், டாட்டா. இரண்டு வயசிலேயே பரவாயில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாளா, சொல் வருவதற்கு முன்னாலேயே. உள்ளே சொன்னால் என்ன ஆகும். வரிசையாக யோசி, வரப்புக் கேஸை யோசித்த மாதிரி. தேர்வாளர் ஃபெயில் போடலாம். போட்டால் நவம்பரில் மறுபடி எழுதலாம், அது ஒன்றும் உயிர் போகிற காரியமில்லை. மேடத்துக்குச் சங்கடம், குட் என்று எழுதியிருக்கிறார்கள். வேலை போகும். அது நிச்சயம் போகும், சார் நல்லவர்தான், ஆனால் தன் முகத்துக்கு நேரே ஒருத்தி தப்பு என்று சொன்ன ரிப்போர்ட்டை வைத்துத்தான் அறையை மாற்றினோம் என்று மேலே போய்ச் சொல்லவேண்டி வந்தால் எந்த நல்லவரும் சிரித்துக்கொண்டே நாற்காலி போடமாட்டார். அத்தை தெருவில் சொன்னதையெல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய் வாபஸ் வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் அதன் வசதி. டீ மணி அடிக்கும், எட்டிப் பார்த்தால் தெரியும், தினமும் பத்து நிமிசம்.

"செல்லக்கனி தவமணி" என்றாள் பாண்டியம்மாள். பானு சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள், கடந்து போகும்போது இவள் கையைப் பார்த்தாள், விரல் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே ஏசி குளிர் முகத்தில் அடித்தது. நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் நரைத்த மீசையோடு தேர்வாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ரோஸ்லின் மேடம் கண்ணால் ஒரு தைரியம் சொன்னார்கள். சிவநேசன் சார் தெரிந்தவர் முகத்தோடு தலையசைத்தார். அவள் மூன்று பேருக்கும் வணக்கம் வைத்துவிட்டு நின்றாள். இரண்டு மணி நேரம் ஊன்றி ஊன்றிப் பெஞ்சை ஆட்டிய கால் இப்போது விண்விண்ணென்று வலித்தது. தேர்வாளர் தன்னிடம் இருந்த ரிப்போர்ட் பிரதியைப் புரட்டினார். "வரப்புக் கேஸ் நீங்கதானா? மேடம் சொன்னாங்க" என்று சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிப்புக்கு என்ன, அது எப்போதும் வரும். "ஃபீல்டு ஒர்க் நல்லா பண்ணியிருக்கீங்க. ஏம்மா நின்னுகிட்டே இருக்கீங்க, உட்காருங்க."

"பரவாயில்ல சார்."

சொல்லி முடித்துவிட்டாள். அவரும் சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார், எழுதிக்கொண்டு போன நர்ஸ் மாதிரியே, டிக் அடித்த தன்னை மாதிரியே. ஏசி உறுமியது. செல்லக்கனி தன் வாயிலிருந்து வந்ததைத் தானே ஒரு தடவை கேட்டாள்.

"இல்ல சார்" என்றாள். "உட்காரணும். கால் வலிக்குது."

தேர்வாளர் நிமிர்ந்தார். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாலு காலும் தரையில் பதிந்த நாற்காலி. கட்டைவிரலை எடுக்காமல் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். வட்டப் படத்தின் பச்சைப் பகுதியின்மேல் வியர்வை பட்டு விரல்ரேகை விழுந்திருந்தது.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் சார். இது தப்பு."

சிவநேசன் சார் பேனா மூடியைக் கழற்றியவர் அப்படியே வைத்திருந்தார். மேடம் "செல்லக்கனி" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. தேர்வாளர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கணக்கு சரியாத்தானே இருக்கு. எது தப்பு?"

"உட்காருங்கன்னு சொன்னப்ப உங்ககிட்ட முதல்ல ஒண்ணு சொன்னேன்ல சார்" என்றாள். "இதுல அது மாதிரி நாப்பத்தி மூணு இருக்கு."